ஸ்டார்ட் ஆகாத டூ-ஸ்ட்ரோக்: பழைய மொபெட்டிடம் கேட்க வேண்டிய நாலு கேள்வி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக, பேச்சில் வந்த சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

உங்ககிட்டேயிருந்து அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "ஊர்ல தாத்தாவோட டிவிஎஸ் 50 சும்மா நிக்குது. எத்தனை மிதிச்சாலும் ஸ்டார்ட் ஆகலை. பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?" வண்டி பேரு மட்டும் மாறும். எக்ஸ்எல் சூப்பர், லூனா, ஆர்எக்ஸ் 100னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. கேள்வி ஒண்ணேதான்.

இன்னிக்கு அதுக்குத்தான் பதில். எங்க ஊர் ஆரணியை வெச்சே பேசலாம்னு இருக்கேன். பட்டு நெய்யுற ஊர், திருவண்ணாமலை மாவட்டம், கமண்டல நாகநதிக் கரை. ஆரணிப் பட்டும் ஆரணி அரிசியும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டையும் இங்க அதிகம் சுமந்தது மொபெட்தான். முன்னாடி கால் வைக்கிற இடத்துல அரிசி மூட்டை, பின்னாடி வெள்ளைத் துணியில சுத்தின பட்டுச் சேலை. சுத்துப்பட்டுல தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டுன்னு நிறைய நெசவு ஊருங்க. நெஞ்ச சேலையை டவுனுக்குக் கொண்டுவந்து கொடுத்துட்டு, அடுத்த சேலைக்குப் பாவும் ஊடையும் வாங்கிட்டுப் போகணும். கூலி சேலைக்குத்தான், நாளுக்கு இல்லை. காலையில வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா தறி அன்னிக்குச் சும்மா நிக்கும். அந்த நாளுக்குக் காசு தர ஆள் கிடையாது.

அதனால நமக்கு இது பொழுதுபோக்கா இருக்கலாம், அந்த வீட்டுக்கு அப்படி இல்லை. 200 ரூபாயில முடியுற வேலையா, "என்ஜின் இறக்கணும்"னு சொல்லி ஆயிரக்கணக்குல போற வேலையான்னு தெரிஞ்சுக்குறது ரொம்ப முக்கியம்.

முதல்ல, இந்த என்ஜின் என்ன செய்யுது?

டிவிஎஸ் 50 வந்தது 1980-ல, ஓசூர் தொழிற்சாலையிலிருந்து. ரெண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய மொபெட்ங்கிறதால குடும்பங்கள் வாங்கினாங்க. ஆர்எக்ஸ் 100 வந்தது 1985-ல. ரெண்டுமே டூ-ஸ்ட்ரோக்.

நாலு ஸ்ட்ரோக் என்ஜின்ல வால்வு, கேம், டைமிங் செயின்னு நிறைய உறுப்பு இருக்கும். டூ-ஸ்ட்ரோக்ல அதெல்லாம் கிடையாது. பிஸ்டன் மேல போறப்போ கீழே இருக்கிற கிராங்க் கேஸ் பெட்ரோலும் காத்தும் கலந்த கலவையை உள்ள இழுக்கும். பிஸ்டன் கீழ வர்றப்போ அந்தக் கலவை அழுத்தப்பட்டு, சிலிண்டர் பக்கவாட்டு ஓட்டை வழியா மேல ஏறும். அதே நேரம் பழைய புகை வேற ஓட்டை வழியா வெளியே போகும். அவ்வளவுதான் கதை. கிராங்குக்குத் தனியா ஆயில் தொட்டி இல்லாததால பெட்ரோலோடயே டூ-டி ஆயில் கலக்கணும். பல மொபெட்டுக்கு லிட்டருக்கு 20 மில்லி கணக்கு. பழைய மாடல் சிலதுக்கு அதைவிட அதிகம் வேணும், கையேடு இருந்தா அதைப் பாருங்க. ஆர்எக்ஸ் 100-க்கு ஆயில் டேங்க் தனி, பம்ப் தானே கலந்துக்கும்.

இந்த என்ஜினோட குறையையும் சொல்லிடணும். உள்ளே வர்ற கலவையில ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியா வெளியே போயிடும். நீலப் புகை, மோசமான மைலேஜ் எல்லாம் அதனாலதான். 2015-ல எக்ஸ்எல் 100 நாலு ஸ்ட்ரோக்கா வந்துச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 விதி வந்தப்போ டூ-ஸ்ட்ரோக் டூவீலரோட காலம் முடிஞ்சே போச்சு. ஆனா ஏற்கனவே ரோட்டுல இருக்கிற வண்டி இன்னும் ஓடுது.

உறுப்பு குறைவு, அதனால பழுதுக்கான காரணமும் குறைவு. ஸ்டார்ட் ஆகணும்னா நாலு விஷயம் வேணும்: பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம், மூச்சு. கேள்வியும் அதே நாலுதான்.

தறியில இழை அறுந்தா நெசவாளி எப்படித் தேடுவார் தெரியுமா? பாவு மொத்தத்தையும் கலைக்க மாட்டார். அச்சுல பார்ப்பார், அப்புறம் விழுது, அப்புறம் பாவுன்னு வரிசையா பின்னோக்கிப் போவார். அறுந்த இடம் கிடைச்சா முடிச்சுப் போட்டுட்டு நெசவைத் தொடருவார். என்ஜினுக்கும் அதே முறைதான். கார்புரேட்டரைக் கழட்டி, காயிலை மாத்தி, பிஸ்டனைப் பிரிச்சு எல்லாத்தையும் ஒரே நேரத்துல செஞ்சா, எது சரிபண்ணுச்சுன்னே தெரியாது.

கருவி எடுக்கிறதுக்கு முன்னாடி

முதல்ல பாதுகாப்பு. இந்த வேலையைத் தறி இருக்கிற அறையில செய்யாதீங்க. பட்டும் பெட்ரோல் ஆவியும் ஒரே அறையில இருக்கவே கூடாது. வண்டியை வாசலுக்குத் தள்ளிட்டு வாங்க. பீடி, சிகரெட், அகல் விளக்கு எதுவும் பக்கத்துல வேண்டாம். ஸ்டார்ட் ஆன பிறகும் மூடின அறைக்குள்ள ஓட விடாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அடுத்து அரை நிமிஷச் சோதனை. பெட்ரோல் டேப் திறந்திருக்கா? ரிசர்வுல போட்டுப் பார்த்தீங்களா? சாவி ஆன்ல இருக்கா? என்ஜின் குளிர்ந்திருந்தா சோக் போட்டீங்களா? சிரிக்காதீங்க, மெக்கானிக் கடைக்குத் தள்ளிட்டு வர்ற வண்டிகள்ல சிலது இங்கேயே முடிஞ்சுடும்.

அப்புறம் டேங்க் மூடி. அதுல காத்துப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ரொம்ப நாள் நின்ன வண்டியில குளவி அங்க மண் வெச்சு அடைச்சிருக்கும், இல்லைன்னா துரு அடைச்சிருக்கும். காத்து உள்ளே போகலைன்னா பெட்ரோல் கீழே இறங்காது. மூடியைத் திறந்து வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. ஓடிச்சுன்னா நோயைக் கண்டுபிடிச்சாச்சு.

பிளக்கைக் கேளுங்க

இப்போ பத்துத் தடவை மிதிங்க. உடனே பிளக்கைக் கழட்டி முனையைப் பாருங்க. நாலு கேள்வியில எதை முதல்ல கேட்கணும்னு பிளக்கே சொல்லிடும்.

முனை காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வரலை. முதல் கேள்விக்குப் போங்க.

ஈரமா இருந்து பெட்ரோல் வாடை அடிச்சா, பெட்ரோல் வருது, எரியலை. ரெண்டாவது கேள்விக்குப் போங்க.

கறுப்பா, ஆயில் பிசுபிசுப்போட இருந்தா ஆயில் அதிகமா கலந்திருக்கு, இல்லைன்னா டேங்க்ல ரொம்பப் பழைய கலவை இருக்கு. பிளக்கைத் துடைச்சு உப்புத்தாளால லேசாத் தேய்ங்க. முனை தேய்ஞ்சு போயிருந்தா புதுசு போடுங்க. ஒரு பிளக்கோட விலை ஒரு பிரியாணியைத் தாண்டாது. இடைவெளி பெரும்பாலும் 0.6-லிருந்து 0.7 மில்லிமீட்டர்.

முதல் கேள்வி: பெட்ரோல் வருதா?

கார்புரேட்டருக்குப் போற குழாயைக் கழட்டி ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. நீரோட்டமா வரணும். சொட்டுச் சொட்டா வந்தா டேப்புக்குள்ள இருக்கிற சல்லடை அடைச்சிருக்கு, இல்லைன்னா டேங்க்ல துரு. பிடிச்ச பெட்ரோலை வேலை முடிஞ்சதும் அங்கேயே விட்டுட்டுப் போகாதீங்க. குடிநீர் பாட்டில்ல மட்டும் எப்பவும் ஊத்தாதீங்க, வீட்டுல குழந்தைங்க இருக்கும்.

அந்தக் கண்ணாடி பாட்டிலைப் பத்து நிமிஷம் ஆடாம வெச்சுப் பாருங்க. கீழே தனியா ஒரு அடுக்கு தெரியுதா? இது நம்ம காலத்துப் புதுப் பிரச்சினை. இப்போ பங்க்ல கிடைக்கிறது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்கப் பாதி டேங்க்கோட வண்டி நின்னா ஈரம் சேர்ந்துக்கிட்டே போகும். ஒரு அளவைத் தாண்டினா எத்தனாலும் தண்ணியும் ஒண்ணா சேர்ந்து அடியில தங்கிடும். டேப் உறிஞ்சுறது டேங்க்கோட அடியிலேருந்துதான். ஆக என்ஜினுக்கு முதல்ல போறது அந்த அடி அடுக்கு. அதுல தண்ணி அதிகம், டூ-டி ஆயில் கிட்டத்தட்ட கிடையாது. தப்பித் தவறி ஓடினாலும் பிஸ்டனுக்கு உயவு இருக்காது. டேங்க்கை முழுசாக் காலி பண்ணிட்டுப் புதுக் கலவை ஊத்துறது தவிர வேற வழி இல்லை. பழைய ரப்பர் குழாய், சீல் எல்லாம் எத்தனாலுக்காகச் செஞ்சது கிடையாது. உப்பியோ வெடிச்சோ இருந்தா மாத்திடுங்க.

பெட்ரோல் நல்லா இறங்குது, ஆனாலும் பிளக் காய்ஞ்சே இருக்குன்னா கார்புரேட்டரைப் பாருங்க. மாசக்கணக்குல நின்னா கிண்ணத்துல இருக்கிற பெட்ரோல் ஆவியாப் போய், ஆயிலும் பிசினும் மட்டும் மிஞ்சும். அது ஜெட்டை அடைக்கும். ஜெட் ஓட்டை தலைமுடி அளவு சின்னது. ஊசி, கம்பி எதையும் விடாதீங்க. நம்ம ஊர்ல கையில கிடைக்குதேன்னு ஜரிகையை விட்டுக் குடைவாங்க, அதுவும் வேண்டாம். பித்தளை மென்மையான உலோகம். ஓட்டை கொஞ்சம் பெரிசானாலும் கலவை கெட்டுப்போகும். பெட்ரோல்ல ஊறவெச்சு, டயர் பம்பால காத்தடிச்சு, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. வட்டமா வெளிச்சம் தெரியணும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு, வெள்ளம். சோக் போட்டபடி முப்பது தடவை மிதிச்சா உள்ளே பெட்ரோல் நிரம்பி பிளக் நனைஞ்சுடும். பிளக்கைக் கழட்டித் துடைங்க. டேப்பை மூடி, சோக்கை எடுத்து, ஆக்சிலரேட்டரை முழுசாத் திருகிப் பிடிச்சு, பிளக் இல்லாமலே சில தடவை மிதிங்க. அப்போ பிளக் கேப்பைத் தள்ளி ஒதுக்கி வைங்க. பிளக் ஓட்டையிலேருந்து ஆவி வெளியே வரும், பொறி பக்கத்துல இருக்கவே கூடாது.

ரெண்டாவது கேள்வி: தீப்பொறி வருதா?

சிந்தின பெட்ரோலைத் துடைச்சுட்டு, ஆவி கலையக் கொஞ்ச நேரம் விடுங்க. பிளக் ஓட்டையைத் துணியால அடைங்க. கேப்ல ஒரு பிளக்கைச் சொருகி, அதோட இரும்பு உடம்பு என்ஜின் இரும்பைத் தொடுற மாதிரி, ஓட்டையிலேருந்து தள்ளி வைங்க. வெறுங்கையால பிடிக்காதீங்க, நல்லா ஷாக் அடிக்கும். நிழலான இடத்துல மிதிச்சுப் பாருங்க. "டிக் டிக்"னு நீலப் பொறி வரணும். மஞ்சளா, மெலிசா வந்தா அது பலவீனம்.

பொறி வரலைன்னா விலை குறைஞ்ச பொருள்லேருந்து ஆரம்பிங்க. முதல்ல புது பிளக். அப்புறம் பிளக் கேப். ஒயர் முனையைக் கொஞ்சம் வெட்டித் திரும்பத் திருகுங்க. அப்புறம் சாவிக்குப் போற ஒயர்.

இந்த ஒயரைப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும். இந்த வண்டிகள்ல பெரும்பாலும் பொறிக்கு பேட்டரி தேவையில்லை. சக்கரம் போலச் சுத்துற மேக்னட்டே மின்சாரம் தரும். சாவியை ஆஃப் பண்ணினா அந்த மின்சாரம் என்ஜின் உடம்புக்கு இறங்கி வீணாகும், அதனாலதான் என்ஜின் நிக்குது. அதே ஒயரோட தோல் உரிஞ்சு சட்டத்தைத் தொட்டா, நீங்க சாவியை ஆன்ல வெச்சாலும் வண்டியைப் பொறுத்தவரை அது ஆஃப்தான். மழை நாள்ல மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஒயரைத் தற்காலிகமாக் கழட்டிட்டு மிதிச்சுப் பாருங்க. பொறி வந்தா பழுது ஒயர்லேயோ சாவியிலேயோ இருக்கு. ஒயர் கழண்டிருக்கிறப்போ சாவியால என்ஜினை நிறுத்த முடியாது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்தணும்.

பழைய மாடல்னா மேக்னட்டுக்கு உள்ளே பாயின்ட் இருக்கும். அது கறுத்துப் போயிருந்தா சுத்தம் பண்ணி இடைவெளி வெக்கணும். பிந்தின மாடல்ல சி.டி.ஐ. பெட்டி. அதைத் திறந்து பார்க்க ஒண்ணும் இல்லை, மாத்திப் பார்க்கிறதுதான்.

இன்னொரு அறிகுறியையும் மறக்காதீங்க. காலையில நல்லா ஸ்டார்ட் ஆகும். சித்திரை வெயில்ல பத்து கிலோமீட்டர் போனதும் நிக்கும். அரை மணி நேரம் நிழல்ல விட்டா மறுபடி ஓடும். அப்படின்னா காயில் இல்லை சி.டி.ஐ. மேல சந்தேகப்படுங்க. சூடானா உள்ளே இணைப்பு விட்டுப்போகும், குளிர்ந்தா ஒட்டிக்கும். இதுக்காக என்ஜினைப் பிரிக்கச் சொன்னா ஒத்துக்காதீங்க.

மூணாவது கேள்வி: அழுத்தம் இருக்கா?

பெட்ரோல் வருது, பொறியும் வருது, இன்னும் ஓடலையா? பிளக் ஓட்டையைக் கட்டை விரலால அழுத்தி மூடிட்டு, வேற ஒருத்தரை மிதிக்கச் சொல்லுங்க. சாவி ஆஃப், கேப் தள்ளி. விரலைத் தள்ளிட்டு "பொஸ்"னு காத்து வரணும். லேசா மூச்சு விட்ட மாதிரி வந்தா அழுத்தம் போச்சு.

ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் டூ-டி ஆயில் ஊத்தி, நாலு மிதி மிதிச்சு, மறுபடி விரலை வைங்க. அழுத்தம் கூடினா ரிங் தேய்ஞ்சிருக்கு, இல்லை கரியில ஒட்டியிருக்கு. கூடலைன்னா ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்க.

பெடலே இறங்கலைன்னா பிஸ்டன் துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். மேல ஏறி நின்னு மிதிக்காதீங்க, ரிங் உடையும். ஆயில் ஊத்தி ராத்திரி முழுக்க விட்டுட்டு, மறுநாள் முன்னும் பின்னும் மெதுவா அசைச்சுப் பாருங்க.

டூ-ஸ்ட்ரோக்குக்கே உரிய இன்னொரு நோய் கிராங்க் ஆயில் சீல். நாம பார்த்த மாதிரி, கீழே இருக்கிற கிராங்க் கேஸ்தான் கலவையை உறிஞ்சுது. சீல் காய்ஞ்சு வெடிச்சா பெட்ரோலுக்குப் பதிலா வெறும் காத்தை உறிஞ்சும். விரல் சோதனையில மேல நல்லா அழுத்தம் காட்டும், ஆனாலும் ஸ்டார்ட் ஆகாது. இதுக்கு மெக்கானிக் வேணும், மேக்னட்டைக் கழட்டத் தனி புல்லர் வேணும். அப்படிக் கழட்டுறப்போ மேக்னட்டைப் பிடிச்சிருக்கிற சின்னச் சாவித் துண்டு உடைஞ்சிருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. அது உடைஞ்சா பொறி வரும், ஆனா தப்பான நேரத்துல வரும்.

நாலாவது கேள்வி: மூச்சு விடுதா?

ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்ட்ல அணையுதா? வேகமே எடுக்கலையா? சைலன்சர் வாய்கிட்ட கையை வெச்சுப் பாருங்க. காத்து முக்கி முனகி வந்தா உள்ளே கரி. ஆயில் எரிஞ்ச கரி பல வருஷமா சேர்ந்து வழியை அடைக்கும். பழைய புகை வெளியே போகலைன்னா புதுக் கலவைக்கு இடம் இருக்காது. நின்ன வண்டியில குளவிக் கூடும் இருக்கும். சைலன்சரைக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க. தெருவே திரும்பிப் பார்க்கும், ஆனா விடை கிடைச்சுடும். ஏர் ஃபில்டரையும் இதே நேரத்துல பாருங்க.

பனியிலும் இதே நாலு

டொராண்டோவுல இருக்கிற நம்ம தமிழ் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவுல கியூபெக்கைச் சேர்ந்த பொம்பார்டியே 1959-ல ஸ்கீ-டூ பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அப்புறம் வந்த பழைய பனிவண்டிகள்லயும் டூ-ஸ்ட்ரோக்குங்கதான் நிறைய. பெடலுக்குப் பதிலா கயிறு, அவ்வளவுதான். குளிர்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது, அதனால அங்க சோக் ரொம்ப முக்கியம். கோடை முழுக்க ஷெட்டுல நின்னு கார்புரேட்டர் பிசின் பிடிக்கிறது, சைலன்சர்ல எலி கூடு கட்டுறது, சீல் காயுறது எல்லாம் நம்ம கதைதான். இதே நாலு கேள்வியை இதே வரிசையில கேளுங்க.

எப்போ விட்டுடணும்?

பெட்ரோல், பொறி, மூச்சு, இந்த மூணுல பழுதுன்னா பெரும்பாலும் வீட்டுலயே சரிபண்ணலாம். அழுத்தம்னா கணக்குப் போடுங்க. போர், பிஸ்டன், கிராங்க் மூணும் போயிருந்தா செலவு வண்டியோட விலையைத் தாண்டும். தினமும் சேலை கொண்டுபோற வீட்டுக்கு அந்தக் காசு வேற வண்டிக்கு முன்பணமா போறதுதான் நல்லது. பாசத்துக்காகச் செய்யுறீங்கன்னா அது வேற கணக்கு, உங்க இஷ்டம். ஆனா ஊர்ல இருக்கிற சித்தப்பா தலையில அந்தப் பாசத்தைக் கட்டாதீங்க.

ரோட்டுல ஓட்டணும்னா ஆர்.சி.யைப் பாருங்க. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். இன்சூரன்ஸும் உயிரோட இருக்கணும்.

கடைசியா, ஊருக்குப் போனா நீங்க செய்யக்கூடிய ஒண்ணு. ஐப்பசி மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி, ஓட்டாம நிறுத்தப் போற வண்டியில பெட்ரோல் டேப்பை மூடிட்டு, தானா அணையுற வரைக்கும் என்ஜினை ஓட விடுங்க. கார்புரேட்டர் காலியாயிடும். டேங்க்கையும் காலி பண்ணிடுங்க. பிளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி ரெண்டு மிதி மிதிச்சு, பிளக்கைத் திரும்ப மாட்டுங்க. சைலன்சர் வாயில ஒரு துணிப் பந்து. ஸ்டார்ட் பண்றப்போ எடுக்க மறக்காம இருக்க, ஹேண்டில்ல ஒரு நூலைக் கட்டி விடுங்க. நம்ம ஊர்ல நூலுக்கா பஞ்சம்?

உங்க வண்டியோட பிளக் முனையைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. எத்தனை மாசமா நிக்குது, கடைசியா எப்போ பெட்ரோல் போட்டீங்கன்னு ரெண்டு வரியும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல அதுல சிலதை எடுத்து ஒண்ணொண்ணா பார்க்கலாம். அதுவரைக்கும், சோக்கை எடுக்க மறக்காதீங்க.